கூடைக்கு ஒரு கை

1

எங்கள் கட்டடத்தின் காவல்காரி ஒரு சாம்பல் நிறப் பூனை வளர்க்கிறார். தீபாவளிக்குச் சில நாள் முன்பு அது காணாமல் போயிற்று. அவர் முதலில் தரைத்தளத்தில் குடியிருக்கும் அல்ஜீரியக் குடும்பத்தின் கதவைத் தட்டினார். பிறகு மூன்று மாடி ஏறி வந்து எங்கள் கதவைத் தட்டினார். இடையில் உள்ள இரண்டு மாடிகளிலும் பிரெஞ்சுக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதவுகளை அவர் தட்டவில்லை. இதைக் கவனித்துச் சொன்னவள் ஒன்பது வயதான என் மகள் செல்வி.

நான் அச்சகத்தில் வேலையில் இருந்தேன். கப்பலில் வந்த புதுவை நண்பர் ஒருவர் கொடுத்த கருவாட்டை என் மனைவி தனம் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். மர்சேய் நகரத்தில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் மூன்று மாடிக்கும் தெரியும். காவல்காரி வாசலில் நின்றபடி, சிரித்த முகத்துடன், "அந்தச் சட்டியில் என்ன வேகிறது?" என்று கேட்டார். தனத்துக்கு வணக்கமும் நன்றியும் தவிர வேறு பிரெஞ்சு தெரியாது. மகளைப் பார்த்தாள்.

"என்னாடி கேக்குறாங்க?"

"வாசன நல்லாருக்குதாம்மா."

தனத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு கிண்ணத்துல ஊத்தித் தரட்டுமான்னு கேளு."

செல்வி அதைக் கேட்கவில்லை. "மீன்" என்று ஒரே வார்த்தையில் காவல்காரிக்குப் பதில் சொன்னாள். அம்மாவிடம், "அவங்களுக்கு வாணாமாம்" என்றாள். அன்று மாலை என்னை ஜன்னல் பக்கம் இழுத்துப்போய் நடந்ததைப் பிரெஞ்சில் சொன்னாள். மனதை அழுத்துகிற விஷயம் என்றால் அவள் இப்போதெல்லாம் பிரெஞ்சுக்குப் போய்விடுகிறாள். அடுத்த முறை கருவாடு வறுத்தபோது, யாரும் சொல்லாமலே எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

இந்த ஊர்க் கறிக்கடைகளில் முயலைத் தோலுரித்துத் தொங்கவிடும்போது பாதத்தில் மட்டும் ரோமத்தை விட்டுவைப்பார்கள். ஏன் என்று கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டேன். "பூனை இல்லை என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். அவர்களுக்குள்ளேயும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. ஆனால் அங்கே அதைத் தீர்க்க ஒரு பாதம் போதும்.

2

இந்த ஆகஸ்டில் புதுவை சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்துவிட்ட செய்தியை இங்கே ஒரு பத்திரிகையின் உள்பக்க மூலையில் படித்தேன். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய 1954இல் நான் அங்கே ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டும், ஆள் இல்லாதபோது செய்தி சேகரித்துக்கொண்டும் இருந்தேன். இங்கே எழுத்துக் கோக்கிறேன்.

இங்குள்ள நகராட்சி அலுவலகத்துக் குமாஸ்தா என் பிறந்த ஊரைப் படித்துவிட்டு, "இது அல்ஜீரியாவில் எந்தப் பக்கம்?" என்றார். இந்தியா என்றேன். அவர் முகம் உடனே மாறியது. நாற்காலி காட்டினார். எங்கள் வீட்டில் பாம்பு உண்டா என்று அன்போடு விசாரித்தார். தெருவில் அல்ஜீரியர் என்று நினைத்துப் போலீஸ்காரர்கள் தடுத்து நிறுத்தும்போதும் இதே கதைதான். நம்மவர் சிலர் இப்போது நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வெளியே கிளம்புகிறார்கள். பக்தி கூடிவிட்டதா என்று ஒருவரைக் கேட்டேன். "பக்தியாவது ஒண்ணாவது. அரபுக்காரன் இல்லன்னு தூரத்துலயே தெரியட்டும்னுதான்" என்றார்.

பூனை விவகாரத்துக்குப் பிறகு எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது புதுவையில் நடந்த ஒரு நாய் விவகாரம். அதை எங்கள் பத்திரிகை வெளியிடவில்லை. இடமில்லை என்றார் ஆசிரியர். இப்போது எழுதுகிறேன்.

3

என் அம்மா பச்சையம்மா வைத்திக்குப்பத்தில் மீன்காரி. கட்டுமரங்கள் கரை ஏறியதும் மணலிலேயே ஏலம் கேட்டு வாங்கி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பெரிய வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்குப் போவாள். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் ஒரே தெருவில் விற்று வந்தாள். அந்தத் தெருவின் பெயர் இங்கே தேவையில்லை.

கடற்கரையில் வளராதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நிறைகூடையை ஒருத்தி தனியாகத் தலையில் ஏற்ற முடியாது. எதிரே ஒருத்தி நின்று விளிம்பைப் பிடிக்க வேண்டும். இறக்கவும் அப்படித்தான். குப்பத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. "ஒரு கை குடு" என்று யார் கேட்டாலும் பிடித்தாக வேண்டும். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவள்கூட வந்து பிடிப்பாள். தூக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

தெருவில் அந்த வழக்கம் செல்லாது. அங்கிருந்தவர்கள் மீன் சாப்பிடுகிறவர்கள்தான். மீனைக் கையில் எடுப்பார்கள், செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள். கூடையைத் தொடமாட்டார்கள். அது மீன்காரியின் தலையில் இருப்பது. அதன் விளிம்பைப் பிடிக்க அவளுக்கு எதிரே, அவள் மூச்சு படும் தூரத்தில் நிற்க வேண்டும்.

அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். கமலாம்மா என்பவர் வீட்டு முன்புறச் சுவர் மார்பளவு உயரம். அம்மா அதன் பக்கமாகப் போய்ச் சாய்ந்து, கூடையை யார் உதவியும் இல்லாமல் அதன்மேல் நகர்த்திவிடுவாள். விற்று முடித்துக் கிளம்பும்போதும் சுவரிலிருந்தே தலைக்கு ஏற்றிக்கொள்வாள். ஆகவே வியாபாரம் எப்போதும் அந்த வீட்டில்தான் தொடங்கும். முதல் மீன் கமலாம்மாவுக்குப் போகும்.

கமலாம்மா இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார். "பச்சையம்மாவுக்கு எம்மேல தனி மரியாத. எத்தினி வீடு இருந்தாலும் மொத மீனு எனக்குத்தான்" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வார். அம்மா அதை மறுத்ததில்லை. மரியாதை சுவருக்குத்தான் என்று சொல்லி அந்தச் சுவரை இழக்க அவளுக்குப் பைத்தியமா?

4

இந்தோசீனாவில் சண்டை முடிந்தபின், பிரெஞ்சுப் படையில் இருந்த நம்மவர்கள் சைகோனிலிருந்து திரும்பத் தொடங்கினார்கள். அப்படி வந்தவர் அருளப்பன். ஓய்வூதியத்தோடு வந்தவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். தெருக்கோடியில் கமலாம்மாவுக்குச் சொந்தமான சின்ன வீட்டில் அவர் வாடகைக்கு வந்தார். உடன் அவர் மனைவி. சைகோன் பக்கத்துப் பெண். பெயர் லான். தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சைகோன்காரி என்றார்கள், சில சமயம் சீனாக்காரி என்றார்கள்.

அவர்கள் வந்த புதிதில் ஒரு நாள் கமலாம்மாவின் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஈரச் சுவரில் கூடையை வைக்க முடியாமல் அம்மா நடுத்தெருவில் நின்றாள். கோடி வீட்டிலிருந்து லான் ஓடிவந்து, எதிரே நின்று விளிம்பைப் பிடித்தார். கூடை இறங்கியது. அவருடைய ஊரிலும் பெண்கள் சுமை தூக்குகிறவர்கள்தான் போலும். கை தன்னால் வந்திருக்கிறது.

பக்கத்து வீட்டில் அன்று மீன் வாங்கவில்லை. அதற்கடுத்த வீட்டிலும் வாங்கவில்லை. "அவ தொட்ட கூடையா? எடுத்துக்கினு போ" என்றார்கள். அம்மா பாதி மீனோடு திரும்பி வந்தாள். மறுநாள் லான் மறுபடி வந்தபோது அம்மா பின்வாங்கிவிட்டாள்.

"வாணாம் தாயி, கைய எடு. எம்பொழப்புல மண்ணப் போடாத."

லானுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அது புரிந்துவிட்டது. அதன்பின் அவர் தன் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று வீட்டில் அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தம்மா ஒனக்கு என்னா கெடுதல் பண்ணாங்க?"

"நாய் திங்கிற கைடா அது."

"நீ பாத்தியா?"

"ஊரே சொல்லுது."

"ஊரு நம்மளையுந்தான் சொல்லுது. எத்தினி வாட்டி குளிச்சாலும் கவுச்சி போவாதுன்னு."

அம்மா சும்மாட்டுத் துணியை உதறி மடித்தாள். "அது வேற" என்றாள்.

5

அந்தத் தெருவில் செவலை என்று ஒரு நாய் இருந்தது. ஒரு காது மட்டும் வெள்ளை. கமலாம்மா சோறு வைப்பார். அதற்குமேல் அது யாருக்கும் சொந்தமில்லை. ஒரு நாள் அது காணவில்லை. பிறகும் வரவில்லை. அருளப்பன் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். செவலையை லான் தின்றுவிட்டதாகச் சொல்லிக் கமலாம்மா வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்றார். மாதம் முடிவதற்குள் போக வேண்டும். வேறு எங்கே கேட்டாலும் லானைப் பார்த்ததும் வீடு இல்லை என்கிறார்கள்.

"ரெண்டு சண்டையில துப்பாக்கி தூக்கினவன் தம்பி நானு. ஒரு நாய்க்குப் பதில் சொல்லத் தெரியல. அவ வெளியவே வர மாட்டேங்குறா. திரும்பிப் போயிடலாம்ங்குறா. போறதுக்கு அங்க அவளுக்கு யாரு இருக்காங்க?"

நான் அந்தத் தெருவுக்குப் போனேன். செய்திக்காரனுக்கு ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: யார் பார்த்தது?

தையற்காரர் மனைவி சொன்னார்: "எலும்பு எலும்பா இருந்துச்சாம் அடுப்புல."

"நீங்க பாத்தீங்களா?"

"ஐய, அந்த வூட்டு வாசப்படிய நான் மிதிப்பனா? எதுத்த வூட்டு ரங்கம் பாத்துச்சு."

ரங்கம் சொன்னார்: "நான் எலும்பப் பாக்கல தம்பி. பொழுது விடியறதுக்குள்ள அடுப்பு எரிஞ்சுது, அதத்தான் பாத்தேன். எலும்பச் சொன்னது கமலாம்மா."

கமலாம்மா சொன்னார்: "நான் என்ன தனியாவா சொல்றேன்? தெருவே பேசுது."

அடுப்பு எரிந்தது உண்மை. எலும்பும் உண்மை. சந்தையில் வாங்கிய மாட்டெலும்பை விடியலிலிருந்து கொதிக்கவைத்துச் சாறு எடுப்பது லானின் ஊர்ப் பழக்கம். வாங்கி வருகிறவர் அருளப்பன். இதைச் சொன்னதும் கமலாம்மா, "பாத்தியா, மாடு திங்கிறவ நாய் திங்க மாட்டாளா?" என்றார். ஒரு பழியைத் துடைக்கப் போன இடத்தில் இன்னொன்று ஒட்டிக்கொண்டது. அதுவரை எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கிளம்பும்போது ரங்கம் என்னை உற்றுப் பார்த்து, "நீ மீன்காரி பச்சையம்மா மவன்தான? அதான பாத்தேன்" என்றார்.

6

இரண்டு நாள் கழித்து வைத்திக்குப்பத்து மணலில், வலை காயும் இடத்தில், ஒரு நாய் மீன் தலையை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. செவலை நிறம். ஒரு காது வெள்ளை. உடம்பு நன்றாகத் தேறியிருந்தது.

அம்மா வீட்டு வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த நாய் எப்புடிம்மா இங்க வந்துச்சு?"

"எங்கூடையில தண்ணி சொட்டுமில்ல, அத்த நக்கிக்கினே பின்னாடி வந்துச்சு. தொரத்திப் பாத்தேன். போவல. இங்க தலையும் கொடலும் கெடக்குது, அது ஏன் போவும்?"

தெருவில் நடப்பதைச் சொன்னேன். அந்தத் தெருவில் யாரும் அவளோடு மீன் விலைக்கு மேல் பேசுவதில்லை. அதனால் அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. கழுவிய கூடையையே மறுபடி தேய்த்தாள்.

"நாயக் கூட்டிக்கினு போனா நான் திருடி. போவலன்னா அவ திருடி" என்றாள்.

"என்னா பண்ணப் போற?"

"கமலாம்மா செவுத்த வுட்டா அந்தத் தெருவுல எனக்கு வேற எடம் இல்ல."

மறுநாள் காலையில் அவள் நிறைகூடையோடு கிளம்பினாள். சற்று நின்று, ஒரு கையை மேலே கூடைக்குள் விட்டு, ஒரு கிழங்கான் மீனை எடுத்துப் பின்னால் போட்டாள். நாய் எழுந்து வந்தது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போனேன்.

தெருவில் முதலில் கண்டவர் கமலாம்மாதான்.

"ஐயோ, எஞ்செவல! எங்கடா போன?"

"எங்க குப்பத்துல இருந்துச்சும்மா. எங்கூடைக்குப் பின்னாடியே வந்துடுச்சு" என்றாள் அம்மா. "கோடி வூட்டு அம்மா ஒண்ணும் பண்ணல. அவங்களப் போவச் சொல்லாதீங்க."

கமலாம்மாவின் முகத்தில் சந்தோஷம் இருந்தது. நாயைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"அது எப்புடித் தானா வரும்? மீனக் காட்டி நீதான் இழுத்துக்கினு போயிருக்க. இத்தினி நாளு சோறு போட்டவ நானு."

ரங்கமும் வெளியே வந்துவிட்டார். "இந்த நாய் தப்பிச்சுதுன்னு சொல்லு. போன வருசம் ஒரு கறுப்பு நாய் காணாமப் போச்சே, அது?"

"போன வருசம் அவங்க இந்தத் தெருவுக்கே வரலியே" என்றேன் நான்.

ரங்கம் ஒரு கணம்தான் யோசித்தார். "இவ வரலன்னா இவள மாதிரி வேற எவளாவது வந்திருப்பா" என்றார்.

உயிரோடு நாய் அவர்கள் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. இதைவிடப் பெரிய சாட்சியை நான் எந்தச் செய்திக்கும் கொண்டுபோனதில்லை. அதை யாரும் மறுக்கவில்லை. அது யாருக்கும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

அம்மா வழக்கப்படி சுவர்ப் பக்கம் நகர்ந்தாள். கமலாம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"எஞ்செவுத்துல இனிமே கூடைய வெக்காத."

குப்பத்திலிருந்து நடந்து வந்த கழுத்து. நிறைகூடை. அம்மா அந்த வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பித் தெருக்கோடிக்கு நடந்தாள். எல்லா வாசலிலும் ஆட்கள் இருந்தார்கள். கோடி வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது.

"யம்மா" என்று அம்மா கூப்பிட்டாள். "ஒரு கை குடு."

லான் வாசலுக்கு வந்தார். அம்மாவைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். அந்தக் கைகளை எடுக்கச் சொன்னதும் இதே குரல்தான். அம்மா கூடையின் விளிம்பை விரலால் தட்டிக் காட்டினாள். லான் படியிறங்கி எதிரே வந்து நின்றார். இருவரும் சேர்ந்து இறக்கினார்கள்.

அன்று அந்தத் தெருவில் ஒரு மீன்கூட விற்கவில்லை. மறுபடி லானே தூக்கிவிட்டார். அம்மா கிளம்பினாள். அதன்பின் அந்தத் தெருவுக்கு அவள் போகவே இல்லை.

7

நாய் கிடைத்தும் வீட்டைக் காலி செய்யத்தான் வேண்டியிருந்தது. கமலாம்மா அதை வேறொருவருக்குச் சொல்லிவிட்டாராம். அருளப்பன் கடைசியில் வில்லியனூர்ச் சாலையில் மூலக்குளத்தில், வயலை ஒட்டி ஓர் ஓட்டு வீட்டைப் பிடித்தார். தெருவை இழந்த அம்மாவும் புதிய இடம் தேடி அந்தச் சாலைக்கே போனாள். வைத்திக்குப்பத்திலிருந்து அது நீண்ட நடை. அங்கே கூடையை இறக்க லான் வருவார், ஏற்ற லான் வருவார். கூடை இறங்கியதும் இருவரும் நிழலில் உட்கார்வார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குப் பாதிதான் புரியும்.

லான் ஒவ்வொரு முறையும் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். அம்மா ஒவ்வொரு முறையும் குடிக்காமல் எழுந்து வருவாள். வழியில் தெருக்குழாயில் குடிப்பாள். ஒரு நாள் நான் கேட்டேன், "இன்னமும் நாய் தின்றாங்கன்னு நெனைக்கிறியா?" என்று.

"திங்கலன்னு தெரியும்டா" என்றாள். "தொண்டையிலதான் எறங்க மாட்டேங்குது."

பத்திரிகை வேலையில் எத்தனையோ பேரின் பேச்சைக் குறித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு நேர்மையாக வேறு யாரும் தன்னைப் பற்றிச் சொல்லிக் கேட்டதில்லை.

இங்கே பூனை தானாகவே திரும்பி வந்துவிட்டது. நிலவறையில் அடைபட்டிருந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம். காவல்காரி இதை எங்களிடம் சொல்லவில்லை. அவர் ஜன்னலில் அது படுத்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். தனம் எதுவும் அறியாதவளாகத் தீபாவளிக்கு அதிரசம் சுட்டு ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். மறுநாள் தட்டு கழுவித் துடைக்கப்பட்டு வந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் செல்வி குப்பைத் தொட்டியில் அதிரசங்களைப் பார்த்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். இந்த முறை தமிழில்.

"அவங்களுக்கு நம்ம மேல கோவமாப்பா?"

அவளிடம் இந்த நாய்க் கதையை முழுவதும் சொன்னேன். கோபம் இருக்காது, தொண்டையில் இறங்கியிருக்காது என்றேன்.

"எப்ப எறங்கும்?"

நான் கப்பல் ஏறுவதற்கு முன் அருளப்பனிடம் சொல்லிக்கொள்ள அம்மாவோடு மூலக்குளம் போயிருந்தேன். நாய் விவகாரம் நடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சித்திரை வெயில். லான் கூடையை இறக்கிவிட்டு வழக்கம்போல் சொம்பை வைத்தார். வைத்துவிட்டு, வழக்கம்போல், அம்மா குடிக்க மாட்டாள் என்பது தெரிந்தவராக வேறு பக்கம் பார்த்தார். அம்மா சொம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அண்ணாந்து, மருந்து குடிப்பதுபோல் மொத்தத்தையும் குடித்தாள். வெற்றுச் சொம்பைக் கீழே வைத்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.